முட்டையும் பயறும் நிறுத்தினால் எலும்புப் புற்று பரவாதா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர், நாங்கள் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். தம்பிக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. வைகாசியில் கபடி விளையாடும்போது விழுந்தான். முட்டி வலி குறையவே இல்லை. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவினோம், கட்டும் போட்டோம். வீக்கம் கூடியது. முட்டிக்கு மேலே தோல் பளபளவென்று இருக்கிறது, நீல நரம்பு தெரிகிறது, தொட்டால் சுடுகிறது. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ஊசி பயாப்ஸி எல்லாம் எடுத்து, தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சு சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. நான் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். விஇஜிஎஃப் என்ற புரதம்தான் கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்த்து, நுரையீரலுக்குப் பரவ விடுகிறது என்று நெட்டில் படித்தேன். அதை வீட்டில் சொன்னதும், புரதத்தால்தான் பரவுகிறது என்றால் முட்டை, மீன், பால், பயறு எல்லாவற்றையும் நிறுத்து என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மா இப்போது ரசம் சாதம் மட்டும்தான் கொடுக்கிறார். அந்தப் புரதத்தை அடக்க ஊசி இருக்கிறதாமே, கேட்டு வாங்கலாமா? அப்பா நிலத்தை அடகு வைக்கவும் தயார். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டுமா? ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால், சம்பா நடவு முடிந்து ஐப்பசியில் சென்னை போகலாம் என்கிறார் அப்பா. அதுவரை பொறுக்கலாமா? காலை எடுத்துவிடுவார்களோ என்று தம்பி இரவில் தூங்குவதில்லை.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் இரண்டு விஷயம். இன்று மதியமே தம்பிக்கு முட்டையும் பருப்பும் போடச் சொல்லுங்கள். அடுத்து, ஐப்பசி வரை பொறுக்கக் கூடாது. நடவை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு இந்த வாரமே கிளம்புங்கள். இது வாரக்கணக்கில் பெரிதாகும் கட்டி. இன்றைக்குச் சி.டி.யில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி அதுதான். அந்த நிலை மாறுவதற்குள் மருந்து உள்ளே போக வேண்டும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. விஇஜிஎஃப் என்று ஒரு புரதம் உண்டு. எலும்புப் புற்றில் அதற்குப் பெரிய பங்கும் உண்டு. கட்டியில் அது மிகுதியாக உள்ளவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தப் புரதம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவதில்லை. தம்பி சாப்பிடும் முட்டை குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து, அதன் பிறகுதான் ரத்தத்தில் சேர்கிறது. விஇஜிஎஃப்பை உடலின் செல்கள் தங்கள் மரபணுவைப் படித்துத் தாங்களே தயாரிக்கின்றன. நீங்கள் முட்டையை நிறுத்தினால் கட்டி அதைத் தயாரிப்பதை நிறுத்தாது. தம்பியின் தசையைக் கரைத்து, அதில் வரும் அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது பிள்ளைதான். இதைப் பெரியப்பாவிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம், விலங்கியல் படிக்கிறவராயிற்றே. அவரும் பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விஇஜிஎஃப் இல்லாமல் தம்பி இவ்வளவு உயரம் வளர்ந்தே இருக்க மாட்டான். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்குச் சற்று உள்ளே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் ஓரத்தில் பருத்து முதிர்ந்த குருத்தெலும்புச் செல்கள் விஇஜிஎஃப்பைச் சுரக்கும். அதைத் தொடர்ந்து ரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும், அவற்றோடு எலும்பு கட்டும் செல்களும் வரும், குருத்தெலும்பு எலும்பாக மாறும். உடம்பிலேயே வேகமாக நீளும் இடம் முட்டியைச் சுற்றித்தான்: தொடை எலும்பின் கீழ்முனை, கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்பின் மேல்முனை. ஆஸ்டியோசர்கோமா அதிகம் வருவதும் அதே இடத்தில்தான், உயரம் கிடுகிடுவென்று கூடும் அதே வயதில்தான். பெருகிக்கொண்டிருக்கும் எலும்புச் செல்களில் சில கட்டுப்பாட்டை இழந்துவிடுகின்றன. எலும்பு வளர உதவிய அதே புரதத்தை அவை தங்களுக்காகச் சுரக்கத் தொடங்குகின்றன.

கபடியில் விழுந்ததால் இது வரவில்லை. விழுந்ததால் வலி கவனத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அந்தக் குற்றவுணர்ச்சி உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

கட்டி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் புரிந்துகொள்வீர்கள். ஒரு செல் கூட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானால், நடுவில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. புதிய ரத்தக் குழாய் கிடைக்காத கட்டி அந்த அளவிலேயே நின்றுவிடும் என்று 1971-இல் ஜூடா ஃபோக்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். அன்று பலர் அதை ஏற்கவில்லை. ஆக்சிஜன் குறையும்போது செல்லுக்குள் ஹிஃப் என்ற இன்னொரு புரதம் சிதையாமல் தங்கி, விஇஜிஎஃப் மரபணுவை முடுக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைவைச் செல்கள் உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு. சுரந்த விஇஜிஎஃப், பக்கத்து ரத்தக் குழாய்ச் சுவரில் அதை ஏற்பதற்கென்றே உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டும். அந்தச் சுவர்ச் செல்கள் பெருகிக் கட்டியை நோக்கி முளைவிடும்.

இப்படி முளைத்த குழாய்கள் நல்ல குழாய்களாக இருப்பதில்லை. கோணல்மாணலாக ஓடும், சுவர் ஒழுகும். 1983-இல் இந்தப் புரதத்தை முதன்முதலில் பிரித்தறிந்தவர்கள் ஹரால்ட் டுவோராக், டொனால்ட் செங்கர் குழுவினர். ரத்தக் குழாயை ஒழுக வைக்கும் காரணி என்றுதான் அப்போது பெயர் வைத்தார்கள். குழாய் வளர்க்கும் வேலைக்காரனும் அதுவேதான் என்பது 1989-இல் நெப்போலியன் ஃபெராரா அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது தெளிவானது. தம்பியின் முட்டிக்கு மேலே தோல் பளபளப்பாக இழுத்துப் பிடித்திருப்பதும், நீல நரம்புகள் தெரிவதும், உள்ளங்கையை வைத்தால் மற்ற முட்டியைவிடச் சூடாக இருப்பதும் கட்டிக்கு அவ்வளவு ரத்தம் போய்வருவதால்தான். நீங்கள் நெட்டில் படித்ததை உங்கள் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒழுகும் சுவர்தான் பரவலுக்கும் வழி. கட்டிச் செல் அந்த இடுக்கு வழியாக ரத்தத்தில் இறங்கிவிடும். காலிலிருந்து சிரை வழியாகப் போகும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. வழியில் வரும் முதல் நுண்குழாய் வலை அதுதான். செல்கள் அங்கே சிக்கித் தங்குகின்றன. ஆஸ்டியோசர்கோமா எங்கே பரவினாலும் முதலில் நுரையீரலைத் தேடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். நோய் கண்டுபிடிக்கும்போதே ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமாக நுரையீரலில் தெரியும் அளவுக்குப் பரவியிருக்கும். மற்றவர்களிலும் பலருக்குச் சி.டி.யில் சிக்காத அளவுக்குச் சிறு துகள்களாகச் செல்கள் அங்கே இருக்கும். இதை எப்படிச் சொல்கிறோம் என்றால், 1970-களுக்கு முன்பு இந்த நோய்க்குப் பலன் தரும் கீமோ (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்து) கிடையாது. காலை உடனே எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தும் பத்தில் எட்டுப் பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் நுரையீரலில். முட்டியில் இருந்ததை முழுதாக அகற்றியபோதே அங்கே விதை விழுந்திருந்தது.

அதனால்தான் நடவு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்கிறேன்.

இனி ஊசிக்கு வருகிறேன். நிலத்தை அடகு வைக்கும் பேச்சு வந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விஇஜிஎஃப்பைப் பிடித்துக் கட்டும் ஊசியின் பெயர் பெவாசிஸுமாப். 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி கிடைத்து, இப்போது நம் நாட்டிலும் வேறு சில புற்றுகளுக்குப் பயன்படுகிறது. ஆஸ்டியோசர்கோமா புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்கமான கீமோவோடு இதையும் சேர்த்து அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. எதிர்பார்த்த கூடுதல் பலன் இல்லை. அறுவைக்குப் பிறகு காயம் ஆறுவதில் சிக்கல்தான் கூடியது. காயம் ஆறவும் புதிய ரத்தக் குழாய் வேண்டுமே. உங்கள் தம்பிக்கு நடக்கப்போவது பெரிய அறுவை, உள்ளே உலோக மூட்டு பொருத்த வேண்டியிருக்கும். அங்கே காயம் ஆறாமல் சீழ் வைத்தால் காப்பாற்றிய காலையே இழக்க நேரிடும். போதாததற்கு வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத வயது. இளம் குரங்குகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

விஇஜிஎஃப்பைக் கட்டிப்போட்டும் ஏன் புற்று அடங்கவில்லை? விஇஜிஎஃப் தனி ஆள் இல்லை. ரத்தக் குழாயை வளர்க்கக் கட்டியிடம் வேறு புரதங்களும் கைவசம் உண்டு. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடுவது உங்கள் அப்பாவுக்குத் தெரியாததா? நுரையீரலில் சில கட்டிகள் புதிதாகக் குழாய் வளர்க்கக்கூட மெனக்கெடுவதில்லை, அங்கே ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கும் குழாய்களையே பற்றிக்கொள்கின்றன. பரவும் வேலையிலும் வேறு புரதங்கள் உண்டு. செல்லின் உட்சட்டகத்தை மேல்சவ்வோடு பிணைக்கும் எஸ்ரின் என்ற புரதம் இல்லாவிட்டால் ஆஸ்டியோசர்கோமா செல்கள் எலியின் நுரையீரலில் வேர்பிடிக்கத் திணறுகின்றன என்று 2004-இல் காட்டினார்கள். எதிர்த்திசையில் வேலை செய்கிற புரதமும் இருக்கிறது. பிஇடிஎஃப் என்று பெயர், ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும். ரத்தக் குழாயே இல்லாத வளர்ச்சித் தட்டுக் குருத்தெலும்பில் இது நிறைய உண்டு. பல பிள்ளைகளுக்குக் கட்டி அந்தத் தட்டைத் தாண்டத் தயங்கி நிற்பதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கிறோம், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி இது. ஆனால் கையில் கொடுக்கும் மருந்தாக இன்னும் வரவில்லை.

விஇஜிஎஃப் வழியை அடைக்கும் மருந்துகளுக்கு ஒரு இடம் உண்டு, அது வேறு கட்டம். கீமோவும் அறுவையும் முடிந்த பிறகு நோய் திரும்பியவர்களுக்கு ரெகோராஃபெனிப், கபோசான்டினிப் போன்ற மாத்திரைகள் கொடுக்கிறோம். இவை விஇஜிஎஃப் ஏற்பியோடு வேறு சில ஏற்பிகளையும் சேர்த்து அடைக்கும். 2019-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், எட்டாவது வாரத்தில் ரெகோராஃபெனிப் சாப்பிட்ட 26 பேரில் 17 பேருக்கு நோய் கூடாமல் நின்றது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 12 பேரில் ஒருவருக்கும் நிற்கவில்லை. நோயைத் தள்ளிப்போடுகிறது என்பதற்கு அது சான்று. முழுக்கக் குணமாக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் தம்பிக்கு அந்தக் கட்டம் வராமலே போக வேண்டும், அதற்குத்தான் இப்போது அவசரப்படச் சொல்கிறேன்.

ரத்தத்தில் அளவு பார்க்கும் பரிசோதனை வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள்ளும் விஇஜிஎஃப் இருக்கிறது. எடுத்த ரத்தம் பரிசோதனைக் குழாயில் உறையும்போது அது வெளியே கொட்டும். அதனால் மாதிரியை எப்படி எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறும். எந்த எண் வந்தாலும் இப்போதைய சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தைப் போக்குவரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை இப்படிப் போகும். முதலில் சுமார் 10 வாரம் கீமோ. சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின் இரண்டும் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. அவற்றோடு அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட்டோ ஐபாஸ்ஃபமைடோ சேரும், அது மருத்துவமனையின் முறையைப் பொறுத்தது. பிறகு அறுவை. பிறகு மறுபடி கீமோ. மொத்தம் ஏழிலிருந்து ஒன்பது மாதம் ஆகலாம். அறுவையில் எடுத்த எலும்பை நோயியல் மருத்துவர் துண்டு துண்டாகப் பார்த்து, கட்டியில் எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று எழுதுவார். 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி. தம்பியின் எதிர்காலத்தைப் பற்றி விஇஜிஎஃப் எண்ணைவிட அந்த எண்தான் அதிகம் சொல்லும், அதை மறக்காமல் கேளுங்கள். பரவாத நிலையில் முழுச் சிகிச்சை எடுத்தவர்களில் பத்தில் ஆறு ஏழு பேர் ஐந்தாண்டு தாண்டி நன்றாக இருக்கிறார்கள். நடுவில் நிறுத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: இன்றைக்குப் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலை எடுப்பதில்லை. கட்டியுள்ள எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோக எலும்பும் மூட்டும் பொருத்துகிறோம். முட்டிக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயையும் நரம்பையும் கட்டி சுற்றி வளைத்துவிட்டால்தான் சிக்கல். முதல் கீமோவுக்குப் பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகும். கபடி மறுபடி ஆட முடியாது, அதை மறைக்காதீர்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு எல்லாம் புரியும். ஒளித்துப் பேசுவதுதான் அவனை இரவில் விழிக்க வைக்கிறது.

இனி உருவுவதோ கட்டுப் போடுவதோ ஒரு நாளும் கூடாது. கட்டி அரித்த எலும்பு சட்டென்று முறியும். முறிந்தால் ரத்தக் கசிவோடு கட்டிச் செல்களும் சுற்றிலும் சிதறி, காலைக் காப்பாற்றுவது கடினமாகும். கிளம்பும் வரை அந்தக் காலை ஊன்றவே விடாதீர்கள், ஊன்றுகோலோடு நடக்கட்டும். ஊசி பயாப்ஸியால் நோய் பரவிவிட்டதோ என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். ஊசி போன தடத்தை அறுவையின்போது சேர்த்து எடுத்துவிடுவார்கள். அந்தத் தழும்பு எங்கே இருக்கிறது என்று அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் அம்மாவுக்கு நிறைய வேலை இருக்கிறது. கீமோ நாட்களில் வாய்ப்புண்ணும் குமட்டலுமாகப் பிள்ளை தட்டைத் தள்ளுவான். அதற்கு முன்பே உடம்பு தேறியிருக்க வேண்டும். நன்றாக வெந்த முட்டை தினம் இரண்டு, விரால் குழம்பு, நம் வயல் உளுந்தில் களி, பயற்றங்கஞ்சி, பால், வேர்க்கடலை எல்லாம் கொடுக்கலாம். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் ஆஃப் பாயில், பச்சைக் காய், கடையில் வெட்டி வைத்த பழம் வேண்டாம். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கக் கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாமல் தடுத்து உயிருக்கே ஆபத்தாகும். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் கீமோ டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கீமோ முடிந்து ஊருக்கு வந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது நள்ளிரவானாலும் சரி, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி. வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

நிலத்தைப் பற்றி அப்பாவிடம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கார்டு இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்றோடு திருவாரூர் கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். அதை நாளைக்கே செய்யலாம். அடையாறு புற்றுநோய் நிலையம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் எலும்புப் புற்றுக்கென்றே கீமோ, அறுவை, நோயியல் மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். எது வசதியோ அதைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கிய இடத்திலேயே முடிப்பது முக்கியம். புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறது, மருத்துவமனையில் படிவம் கொடுப்பார்கள்.

கீமோ தொடங்கும் முன் கேட்க வேண்டியதில் ஒன்றை நம் வீடுகளில் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சில கீமோ மருந்துகள் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனைக் குறைக்கும். பருவமெய்திய பையனுக்கு விந்தணுவை முன்பே உறைய வைத்துப் பாதுகாக்கலாம். ஒரே நாள் வேலை, சிகிச்சை தாமதமாகாது. அப்பாவோ மாமாவோ தம்பியிடம் தனியாகப் பேசட்டும். அதோடு இதய எக்கோவும் காது கேட்கும் திறன் பரிசோதனையும் எடுப்பார்கள். டாக்ஸோரூபிசினும் சிஸ்பிளாட்டினும் அங்கேதான் கை வைக்கும்.

கிளம்பும்போது எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் படங்களையும் அவை பதிந்த கம்ப்யூட்டர் டிஸ்க்குகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் கண்ணாடி ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. புதிய இடத்தில் அவற்றை மறுபடி பார்த்துத்தான் கீமோ தொடங்குவார்கள். பிற்காலத்தில் விஇஜிஎஃப் மரபணுவையோ வேறெதையோ பார்க்க வேண்டிய தேவை வந்தால், அதே மெழுகுக் கட்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.